ஒரு மணி நேரம் பேசக்கூடாது

ஊசி போட்ட கையோடு சொல்லிவிட்டேன்:
ஒரு மணி நேரம் பேசக்கூடாதுக்கா.
இருமலையும் முடிந்தவரை அடக்கிக்கொள்ளுங்கள்.
பேசினால் குரல்நாண் தசை
உள்ளே போன சர்க்கரையைத் தின்னும்.
தின்ற இடம் படத்தில் எரியும்.
எரிவது நோயா பேச்சா என்று
மாடியில் இருக்கும் டாக்டருக்குத் தெரியாமல் போகும்.

கு. அஞ்சலாட்சி, 47.
காசிமேட்டில் மீன் ஏலம் கூறுகிறவள்.
தலையாட்டினாள்.
ஏழு மாதமாகவே அவள் பேசுவது
ஈரச் சாக்கைச் சிமெண்டுத் தரையில்
இழுக்கிற மாதிரிதான்.

கோப்பில் அந்த ஏழு மாதமும் இருக்கிறது.
முதலில் சளி.
பிறகு, இந்த ஊரில் எல்லோரும் நினைப்பதை நினைத்து
காசநோய் மாத்திரை.
மூத்திரம் ஆரஞ்சாகப் போனதுதான் மிச்சம்,
சளியில் கிருமி இல்லை.
சதை எடுத்து அனுப்பிய வாரம்
புற்று என்று வீடே அழுது முடித்தது.
அதுவும் இல்லை.
பொடிப் பொடியாக முடிச்சுகள்,
நடுவில் அழுகாத முடிச்சுகள்.
சார்கோய்டோசிஸ்.
மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டு
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டு
டீ குடிக்கப் போனான் மகன்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அப்போதுதான்
பஸ்கள் நிரம்பத் தொடங்கியிருந்தன.
ஈயச் சுவருக்குள் அவள்.
வெளியே என் மேசையில் அவளுடைய போன்.
நாலாவது தடவை அடித்தபோது எடுத்தேன்.

'எக்கா, செங்கேணி பேசறேன்.
லேட்டா ஒரு போட்டு வந்துகீது.
சங்கரா பன்னெண்டு கூடை.
மூணே முக்காலுக்கு மேல ஒருத்தனும் ஏற மாட்றான்.
வுட்டுடவா?'

மைக்கை அழுத்தி உள்ளே கேட்டேன்.
கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.
நாலு விரல்.
ஐந்தாவதைப் பாதி மடக்கி.
நாலரை, என்றேன் போனில்,
ஆஸ்பத்திரிக் குரலில்.
உள்ளே அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.
அடிவயிற்றில் கைவைத்து
அங்கிருந்து தொண்டைக்கு உயர்த்திக் காட்டினாள்.
அங்கே ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது செங்கேணி,
கடலும் காக்கையும் ஐம்பது ஆம்பிளைகளும்
என் காதுக்குள் வந்து நின்றார்கள்.
'நாலரை!' என்று கத்தினேன்.
செக்யூரிட்டி ஓடி வந்தார்.
காத்திருந்தவர்கள் டோக்கன் எண் என்று நினைத்து
கையில் இருந்ததைப் பார்த்தார்கள்.

பிறகு படுக்க வைத்தேன். மேசை நகர்ந்தது.
அவள் கழுத்து, வெட்டு வெட்டாக
என் திரையில் இறங்கியது.
இலைபோல் மெலிந்திருக்க வேண்டிய குரல்வளை மூடி
ஊறிய பன் மாதிரி உப்பி.
அதற்குப் பின்னால் மடிப்புகள் தடித்து.
நடுவில் காற்றின் கறுப்பு, ஒரு கீற்று.
கோடு போட்டு அளந்தேன்:
நாலரை மில்லிமீட்டர்.
காலையிலிருந்து இதே எண்ணாக இருக்கிறது.

வண்ணம் ஏற்றியதும்
மூடி எரிந்தது. மடிப்புகள் எரிந்தன.
நெஞ்சில் இரண்டு பக்கமும் நெறிகள்
தராசுத் தட்டு மாதிரி சமமாக.
ஆனால் குரல்நாண்கள்,
அந்த இரண்டு மட்டும்,
அணைந்த அடுப்பு.
ஒரு முனகல்கூட இல்லாமல்
சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள்.
அந்த நேரத்தில் என்னைப் படுக்க வைத்திருந்தால்
கழுத்து முழுக்க ஏலம் எரிந்திருக்கும்.

வெளியே வந்தவள் திரையைக் காட்டிப்
புருவத்தை உயர்த்தினாள்.
நான் சொல்லக்கூடாது என்பது விதி.
ரிப்போர்ட் நாளைக்கு, என்றேன்.
சாயந்திரம் வரை கைக்குழந்தை பக்கம் போகாதீங்க.
நிறைய தண்ணி குடிங்க.
இப்ப பேசலாம்.

அவள் போகவில்லை.
இரண்டு உள்ளங்கையையும் விரித்து நின்றாள்.
புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாலே காலுக்குப் போச்சாம்க்கா.

'ப்ச்,' என்றாள்.
அந்தக் காலையில் அவளிடமிருந்து வந்த முதல் சத்தம்.
அப்புறம், சாக்கை இழுத்து இழுத்து:
'சங்கராவையா?'